மஞ்சளக்காவும் மரத்தின் மறுபக்கமும்

உலகத்திலேயே உனக்குப் பிடித்த இடம் எது என்று மஞ்சளக்காவைக் கேட்டால், மலையையோ காட்டையோ சொல்லமாட்டாள். மலையும் காடும் அவளுக்குச் சோறு போடுகிற இடங்கள். பிடித்த இடம் வேறு. சாயங்கால பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் இரண்டு வரிசை தள்ளி, ஜன்னலோரம். மேட்டு நிறுத்தத்தில் ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டால் ஊருக்குள் இறங்கும்வரை அவளை யாரும் எழுந்திரு என்று சொல்லமாட்டார்கள், எதையும் எடுத்து வா என்று ஏவமாட்டார்கள். டிக்கெட் கிழித்துக் கொடுத்த கையோடு கண்டக்டரும் அவளை மறந்துவிடுவார். ஒரு நாளில் எல்லோரும் அவளை மறந்திருக்கிற நேரம் அது ஒன்றுதான்.

அந்த இருக்கைக்காக அவள் ஒரு சின்னக் கள்ளத்தனம் செய்துவந்தாள். யார் பொருளையும் எடுக்கவில்லை. உடம்பு கெஞ்சிய ஓய்வை வேலையிலிருந்து கொஞ்சம் கிள்ளி எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஆனால் கிள்ளிய இடம் சரியான இடமாக இல்லை.

அவளுடைய வேலை பழைய பாதைகளைத் திரும்பத் திறப்பது. தார்ச்சாலை வருவதற்கு முன்னால் மேட்டு ஊர்களிலிருந்து சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஜனங்கள் நடந்து வந்த ஒற்றையடிப் பாதைகள் அவை. பஸ் வந்ததும் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் தப்பும் இல்லை. மூட்டையைச் சுமந்து ஏறி இறங்கியவர்களுக்குத்தான் பஸ்ஸின் அருமை தெரியும். இப்போது என்னவோ சுற்றுலா அலுவலகத்துக்கு அந்தப் பாதைகள் மேல் திடீர்ப் பாசம். நகரத்துக்காரர்கள் விடுமுறை நாளில் முதுகில் பையும் கையில் கோலுமாக நடக்க ஆசைப்படுகிறார்களாம். காலுக்குச் செருப்பும் போக்குவரத்துக்கு வண்டியும் இருக்கிறவர்கள் எதற்காக வேலை மெனக்கெட்டு நடக்கிறார்கள் என்பது மஞ்சளக்காவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. சம்பளம் வந்தால் போதும்.

புதர் வெட்ட வேண்டும். சரிந்த இடத்தில் கல் அடுக்க வேண்டும். பாதை பிரிகிற இடங்களில் கடப்பாரையால் குழி தோண்டி வழிகாட்டிக் கம்பம் நட வேண்டும். கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, மரத்திலும் பாறையிலும் கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துவிட்டு, மஞ்சள் பெயிண்டில் கையகலக் குறி போட வேண்டும். ஒரு குறிக்குப் பக்கத்தில் நின்றால் அடுத்த குறி கண்ணில் பட வேண்டும், அதுதான் சட்டம். நகக்கண்ணில் ஏறிய மஞ்சள் எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரம்மா விளையாட்டாக மஞ்சளக்கா என்று கூப்பிடப்போக, தெருவே அதைப் பிடித்துக்கொண்டது.

இன்னொரு சட்டமும் உண்டு. மேலே ஏறுகிறவருக்கு மரத்தின் ஒரு பக்கம் குறி என்றால், கீழே இறங்குகிறவருக்கு மறுபக்கம் குறி போட வேண்டும். ஏறும்போதே மரத்தைச் சுற்றிப் போய்ப் பின்பக்கமும் ஒரு பூச்சு பூசிவிட்டால் தீராது. திரும்பி வருகிறவர் கண் வேறு மரத்தில் விழும், வேறு இடத்தில் தடுமாறும். ஆகவே போட்டவளே பாதை முழுவதையும் ஒரு தடவை எதிர்த்திசையில் நடந்து, வருகிறவர் கண்ணோடு பார்த்துக் குறி போட்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. பயிற்சி கொடுத்தவர் இதைத்தான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்.

முதல் பாதையை அவள் அப்படித்தான் செய்தாள், ஒரு குறை சொல்ல முடியாது. அப்போது மாமியார் உயிரோடு இருந்தார், வீட்டை அவர் பார்த்துக்கொண்டார். மாமியார் போன பிறகு வீடும் இவள் தலையில், காடும் இவள் தலையில். கணவன் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தால் அதிசயம். தினமும் போன் மட்டும் வரும். "அப்பா சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா" என்று கேட்பான். நீ சாப்பிட்டாயா என்று கேட்க அவனுக்குத் தோன்றாது. கேட்டிருந்தால் அவளுக்கும் என்ன பதில் சொல்வதென்று தெரிந்திருக்காது.

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் மனசுக்குள் நாலு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இவர் தங்கமான மனுஷர், தொணதொணப்பு மட்டும்தான். காலையில் எழுந்ததிலிருந்து வீட்டையே ஒரு பஸ்ஸாக நினைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடப்பார். அடுப்பை அணைத்தாயா, குழாயை மூடினாயா, பின்கதவு தாழ்ப்பாள் போட்டாயா. எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு, அவள் வாசல்படி இறங்கும்போது "ரைட்" என்பார். அதைக் கேட்காமல் அவள் வேலைக்குப் போன நாள் கிடையாது. சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவாய் என்பதையும் தினமும் கேட்பார், தினமும் ஒரே பதில்தான் என்றாலும்.

இரண்டாவது பாதையைச் செய்துகொண்டிருந்தபோது ஒரு நாள் மேட்டு நிறுத்தத்தில் மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. அந்த நேரம் பார்த்து, ஆளே இல்லாமல் ஒரு பஸ் வந்து நின்றது. எதிர்ப்பக்கக் குறியை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான், அன்று விடிந்ததிலிருந்து இதுவரை உட்காரவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. மறுநாளும் ஏறினாள். அதற்கு மறுநாளும்.

அன்றிலிருந்து அவள் எந்தப் பாதையிலும் திரும்பி நடக்கவில்லை. பாதை பாதையாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் போகிற பக்கத்துக்கு மட்டும் குறி. யாருக்கும் தெரியவில்லை. வருகிற நகரத்துக்காரர்களை அலுவலக வேன் அடிவாரத்தில் இறக்கிவிடும், மேட்டுச் சாலையில் காத்திருந்து ஏற்றிக்கொள்ளும். பார்வையிட வந்த அதிகாரியும் அதே வேனில்தான் திரும்பிப் போனார். ஒரு தடவை மட்டும், தண்ணீர் பாட்டிலைத் தேடிப் பாதி வழியில் திரும்பிய ஒரு கணவன் மனைவி திக்குத் தெரியாமல் அலைந்ததாகப் புகார் வந்தது. அதிகாரி நகரத்துக்காரர்களின் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சிரித்தார். மஞ்சளக்காவும் சிரித்துவைத்தாள். மனச்சாட்சி உறுத்தாமல் இல்லை. ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அதுவும் அவளோடு சேர்ந்து தூங்கிவிடும்.

கடைசியாகத் திறந்த பாதை அவள் வீட்டுக்குப் பின்னால், மாவு மில்லை ஒட்டியே தொடங்கியது. குறிகளெல்லாம் போட்டாயிற்று, கம்பங்களில் மாட்டுகிற ஊர்ப்பெயர்த் தகடுகளும் இரண்டு கம்பங்களும்தான் பாக்கி. அந்த வேலைக்குக் கிளம்பிய அன்றைக்குக் காலையில் மாமனார் வழக்கமான கேள்விகளோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தார்.

"அந்தப் பாதை நம்ம வீட்டுக்குப் பின்னாடிதானே வந்து முடியுது? அப்புறம் எதுக்குத் தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற மாதிரி பஸ்ல வர்ற?"

வேறொரு நாளாக இருந்தால் சிரித்து மழுப்பியிருப்பாள். முந்தின ராத்திரி அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. தவிர, அவர் விரல் வைத்தது நேராக அந்த இருக்கையின் மேல். எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க ஒரு நாள் நடந்து பாருங்க மாமா. அப்பத் தெரியும்."

சொன்ன வேகத்திலேயே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அன்று வாசலில் "ரைட்" கேட்கவில்லை. மேஜை மேல் வைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்கவில்லை என்பது முதல் கம்பத்தில்தான் தெரிந்தது. திரும்பிப் போக மனசில்லாமல், தகடுகளின் எழுத்தைக் கையை நீட்டி எட்ட வைத்துக் குத்துமதிப்பாகப் படித்து மாட்டினாள். வேலை முடிந்ததும் மேட்டு நிறுத்தத்துக்குப் போய், பஸ் வந்ததும் ஏறி, தன் இடத்தில் சாய்ந்து தூங்கினாள். அதை மட்டும் எந்தச் சண்டையும் கெடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டுச் சாவியை நீட்டினாள்.

"நீ வழியில பாக்கலையா? சாப்பிட்ட கையோட கிளம்பினாரே. கண்ணாடியை மறந்துட்டுப் போயிட்டா, குடுத்துட்டு வந்துடுறேன்னாரு. நான்தான் தனியாப் போகாதீங்கன்னேன். நம்ம மருமக குறி போட்ட பாதை, எப்படி வழி தப்பும்னு கேக்குறாரு."

மஞ்சளக்கா வானத்தைப் பார்த்தாள். பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. போட்ட பையைப் போட்டபடி விட்டு, டார்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் பின்னால் ஓடினாள்.

காலையில் ஏறிய அதே பாதை. ஒவ்வொரு மரமாக மஞ்சள் குறி வந்து வந்து நின்றது, அவளுக்குத்தான் அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே ஏறினாள். பாதி மலையில், நடப்பவர்கள் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்கென்று அவளே செதுக்கிச் சமன்படுத்திய பாறை ஒன்று இருக்கிறது. அதன் மேல் மாமனாரின் குடை சாய்ந்திருந்தது. ஆள் இல்லை.

அப்படியென்றால் இதுவரை வந்திருக்கிறார். இங்கே உட்கார்ந்திருக்கிறார். மேலே வந்திருந்தால் தன் கண்ணில் பட்டிருப்பார்; முடியாமல் திரும்பியிருக்கிறார். அவளும் திரும்பினாள்.

இந்தப் பாதையில் இந்த இடத்தில் அவள் திரும்பி நின்றது அதுதான் முதல் தடவை. கண்முன்னே இருந்தது தான் திறந்த பாதையே இல்லை என்று தோன்றியது. எல்லா மரமும் ஒரே மாதிரி வெறும் மரமாக நின்றது. ஒரு குறி இல்லை. குறிகளெல்லாம் தனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நிற்கின்றன என்று தெரிந்தும், ஒரு நிமிஷம் அவளுக்கே எந்தப் பக்கம் கால் வைப்பதென்று தெரியவில்லை. மனசுக்குள் வெட்கமாக இருந்தது.

பிறகு நிதானித்து, வழி தெரியாதவளாக இறங்கிப் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. கீழிருந்து ஏறுகிறவர் கண்ணுக்கு அங்கே பிரிவே கிடையாது. கல் ஏற்றுகிற வண்டிகள் முன்பு போய்வந்த அகலத் தடம் பக்கவாட்டிலிருந்து வந்து பாதையோடு சேர்ந்துகொள்ளும், அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். மேலிருந்து இறங்கினால் அந்தத் தடம்தான் ராஜபாட்டையாக நேரே போகிறது. வீட்டுக்குப் போகிற வழி புதருக்கு நடுவே சின்னதாக ஒதுங்கிக் கிடக்கிறது. அவள் இந்த இடத்தில் கம்பம் நடவில்லை, இங்கே ஒரு பிரிவு இருப்பது போகிற வழியில் தெரியாது என்பதால். வழி தெரியாத எவரும் அகலத் தடத்தில்தான் போவார்கள். அது போய் முடிகிற இடம் கைவிட்ட கல்குவாரி. வேலி கிடையாது. பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம், அதன் ஆழம் யாருக்கும் தெரியாது.

அவள் கூப்பிடவில்லை. அந்தத் தடத்தில் ஓடினாள்.

மாமனார் தடத்தின் ஓரத்தில் கீழே உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில். வார் அறுந்து போயிருந்தது. அதை ஒரு கொடியால் கட்டப் பார்த்துக் கட்ட வராமல் விழித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நாலெட்டில் பள்ளத்தின் விளிம்பு. புல் மறைத்திருந்ததால் அவர் அதைப் பார்க்கவே இல்லை. அந்தச் செருப்பு மட்டும் அறுந்திருக்காவிட்டால் என்று நினைத்ததும் மஞ்சளக்கா அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் முதலில் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். வந்த வேலையை முடித்துவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது. அப்புறம்தான் பேசினார்.

"போகும்போது ஒவ்வொரு மரத்துலயும் நீயே நின்னு கையைக் காட்டுற மாதிரி இருந்துச்சும்மா. தைரியமாப் போனேன். திரும்பினா ஒரு மரத்துலயும் உன்னைக் காணோம்."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அதுதான் அவளைப் பிடித்து உலுக்கியது. காலையில் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள், வேறு வந்தது.

"நான் எந்தப் பாதையிலயும் திரும்பி நடக்கிறதே இல்ல மாமா. நடந்தாத்தான் அந்தப் பக்கம் குறி போட முடியும். நான் போடல. சாயங்காலம் பஸ்ல உக்காரணும். அதுக்காகத்தான். வேற ஒண்ணும் இல்ல."

அவர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜன்னல் சீட்டா?"

"ம்."

"வேலைக்காலம் பூரா பஸ்லதான் இருந்தேன். ஒரு நாளும் உக்காந்தது இல்ல. காலியா ஓடுறப்பக்கூட கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். உக்காந்துட்டா அப்புறம் எந்திரிக்க மாட்டேனோன்னு பயம்."

இத்தனை வருஷத்தில் அவர் தன்னைப் பற்றி அவளிடம் சொன்ன முதல் சங்கதி அதுதான். மஞ்சளக்கா அழுதாள். அவர் தடுக்கவில்லை. எழுந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி இறங்கினார். வழியில், கடைசி நிறுத்தத்தில் ஊர்ப்பெயர்ப் பலகையைத் திருப்பாமல் வண்டியை எடுத்துவிட்டு ஜனங்களிடம் தான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். அவளுக்காகத்தான் சொன்னார் என்று அவளுக்குத் தெரியும். சிரிக்கத்தான் தெம்பில்லை.

மறுநாள் விடிந்ததும் அவள் போய்க் குவாரித் தடத்தின் குறுக்கே முள்ளை வெட்டிப் போட்டு, பிரிவில் ஒரு கம்பம் நட்டாள். பிறகு அதிகாரியிடம் போய், முதல் பாதையைத் தவிர எல்லாப் பாதைகளுக்கும் மறுபக்கக் குறி பாக்கி இருக்கிறது, நான்தான் போடாமல் விட்டேன் என்று மறைக்காமல் சொன்னாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கொட்டாவி விட்டார். வேன்தான் மேலே நிற்கிறதே, யார் திரும்பி நடக்கப் போகிறார்கள் என்று கேட்டார். ஆசைப்பட்டால் போட்டுக்கொள், பெயிண்ட் தருகிறேன், அதற்கென்று தனியாக நாள் ஒதுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். கூடவே கூடாது என்று அவர் மறுத்திருந்தால் மஞ்சளக்கா உள்ளூர மகிழ்ந்திருப்பாள். அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

மறுபக்கம் போட வேண்டுமென்றால் மேலிருந்து தொடங்க வேண்டும். காலை பஸ்ஸில் மேட்டு நிறுத்தத்துக்குப் போய், அங்கிருந்து வீடுவரை நடக்க வேண்டும். காலை பஸ்ஸைப் பற்றி ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆலைக்குப் போகிறவர்கள், கூடைக்காரர்கள் என்று மூச்சு முட்டும். உட்காருவது இருக்கட்டும், இரண்டு காலையும் ஒரே நேரத்தில் ஊன்ற இடம் கிடைத்தால் பெரிய காரியம். சாயங்காலமோ இனி நடை. அவளுடைய ஜன்னலோரம் போயே போய்விட்டது. எத்தனை பாதை பாக்கி என்று நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்று செருப்பில்லாமல் நடந்ததில் கல் குத்திய மாமனாரின் கால் ஆறுவதற்குச் சில நாள் பிடித்தது. அவள் முதன்முதலாகக் காலை பஸ்ஸுக்குக் கிளம்பிய அன்று அவரும் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். பஸ் வந்து நிற்பதற்குள், எந்த ஜன்னல் எங்கே வந்து நிற்கும் என்று தெரிந்தவராக நாலடி தள்ளிப் போய் நின்றார். பஸ் நின்றதும் கைக்குட்டையை உள்ளே வீசினார். டிரைவருக்குப் பின்னால் இரண்டு வரிசை தள்ளி. நெரிசலைத் தோளால் பிளந்துகொண்டு ஏறி, உட்காரப் போன ஒருவரிடம் ஆள் வருது என்று கண்டக்டர் குரலில் சொல்லி, மஞ்சளக்காவை உட்கார வைத்தார். பெயிண்ட் டப்பாவை அவள் மடியிலிருந்து வாங்கித் தன் இரண்டு கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காருங்க மாமா என்று அவள் எழுந்திருக்கப் பார்த்தபோது, பழக்கமில்லை என்று சொல்லிவிட்டார்.

பஸ் முதல் வளைவு திரும்புவதற்குள் அவள் தூங்கிப் போனாள்.

கண் விழித்தபோது பஸ் நின்றிருந்தது. சத்தமே இல்லை. கூட்டம் முழுவதும் இறங்கிவிட்டிருந்தது. டிரைவர் வெளியே டீக்கடையில் நின்றார். அது கடைசி நிறுத்தம். மேட்டு நிறுத்தம் எப்போதோ போய்விட்டது. காலியான பஸ்ஸின் நடுவில் மாமனார் மட்டும் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு, டப்பா கவிழாமல் காலால் அணைத்துக்கொண்டு, அப்படியே நின்றிருந்தார். அவள் பதறி எழுந்தாள்.

"ஏன் மாமா எழுப்பல? என் ஸ்டாப் போயிருச்சே."

"பாத்தேன். நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்த." ஜன்னலுக்கு வெளியே இளம் கண்டக்டர் பலகையைத் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தான். மாமனார் அதைத் தாடையால் காட்டினார். "இதே வண்டிதான் திரும்பிப் போகும். உன் ஸ்டாப் எங்கயும் ஓடிராது. தூங்கு, நான் எழுப்புறேன்."

மஞ்சளக்கா பக்கத்து இருக்கையைக் கையால் துடைத்தாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காலியான பஸ்ஸை முன்னும் பின்னும் ஒரு தடவை நோட்டம் விட்டார். பிறகு கம்பியை விட்டுவிட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"நான் எந்திரிக்கலன்னா நீ எழுப்பணும்" என்றார்.

சரி என்று அவள் தலையாட்டினாள். பஸ் கிளம்பி, வெயில் ஜன்னல் பக்கம் மாறியது. மேட்டு நிறுத்தம் வந்தபோது கண்டக்டர் இரண்டு தடவை குரல் கொடுத்தான். யாரும் இறங்கவில்லை.